எருக்குழியும் இந்தூர் முறையும்: வீட்டுக் குப்பை உரமான வரலாற்றில் உழைப்பின் இடம்

‘குப்பை’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பது பொருள். நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. உழவர் வழக்கில் அது எருவையும் குறிக்கும். வயலுக்குக் ‘குப்பை அடித்தல்’ என்பது மட்கிய எருவை வண்டியில் ஏற்றிச் சென்று பரப்புவதே அன்றிக் கழிவைக் கொட்டுவதன்று. இன்றைய நகரத் தமிழில் வேண்டாதது என்ற பொருளே மேலோங்கி நிற்கிறது. வீட்டின் அடுப்பங்கரைக்கும் வயலுக்கும் இடையே இருந்த தொடர்பு அறுந்ததன் சுவடாக இப்பொருள் மாற்றத்தைக் கொள்ளலாம்.

அத்தொடர்பு நிகழ்ந்த இடம் கொல்லைப்புறத்து எருக்குழி. தொழுவத்துச் சாணம், மாடு தின்று கழித்த வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாசல் பெருக்கிய சருகு, காய்கறித் தோல் ஆகிய யாவும் அங்கு ஒன்றாகச் சேர்ந்தன. நாள்தோறும் பெருக்கி அள்ளிச் சேர்த்தவர்களில் வீட்டுப் பெண்கள் முதன்மையானவர்கள். குழியை வெட்டி வயலுக்குக் கொண்டு சென்றவர்களில் பண்ணையாட்களும் இருந்தனர். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்னும் கருத்தைத் திருக்குறளின் ‘உழவு’ அதிகாரம் முன்வைக்கிறது. ஆயினும் எருவைச் சேர்க்கும் வேலைக்கு ஆசிரியர் பெயர் சூட்டும் வழக்கம் தோன்றவில்லை.

காலனிய அரசின் பார்வை இக்குழியின் மீது விழுந்தபோது முதலில் எழுந்தது குறைகூறலே. உழவர் சாணத்தை எரித்து வீணாக்குகின்றனர் என்பது அதிகாரிகளிடையே பரவலான கருத்து. 1889ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்த வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இதனை மறுத்தார். சாணம் எரிக்கப்படுவதற்குக் காரணம் உழவரின் அறியாமையன்று, விறகுப் பற்றாக்குறையே என்பது அவர் முடிபு.

இந்தூரில் நடந்தது வேறுவகையான முயற்சி. பூசாவில் பணியாற்றிய தாவரவியலர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924முதல் 1931வரை இந்தூர்த் தாவரத்தொழில் நிறுவனத்தை நடத்தினார். சீனா, கொரியா, ஜப்பான் நாட்டு உழவர்களின் உரமாக்கல் பற்றி எஃப்.எச். கிங் எழுதி 1911இல் வெளிவந்த நூல் அவருக்குத் தூண்டுதலாக அமைந்தது. 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட குழிகளில் பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய தொழுவத்து மண், மரச்சாம்பல் ஆகியன அடுக்கப்பட்டன. நீர் தெளித்து மூன்று முறை கிளறினால் ஏறத்தாழ 3 மாதங்களில் உரம் ஆயத்தமாகும்.

இப்பொருள்களுள் கொல்லைக் குழி அறியாதது எதுவுமில்லை. புதியவை அளவும் காலமுமே. காற்றும் ஈரமும் சீராக இருந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து செயல்படும். ஆண்டுக்கணக்கில் கிடந்து பாதி சத்தை வெயிலுக்கும் மழைக்கும் பறிகொடுத்த குவியலோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று. ஆனால் நூலில் எழுதப்பட்ட கணத்திலேயே அறிவின் உரிமை இடம்பெயர்ந்தது. 1931இல் வெளியான நூலின் அட்டையில் ஹோவர்டுடன் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலரின் பெயரும் உண்டு. பிற்கால இயற்கை வேளாண் எழுத்துகளில் ஹோவர்ட் தனியொருவராகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். இணையாசிரியரே மங்கும்போது பெருக்கி அள்ளியவர் பதிவில் இடம்பெறாதது வியப்பன்று.

நகரத்தை நோக்கிய அடுத்த நகர்வில் இந்த மறைவு கடுமையாகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி.என். ஆச்சார்யா 1939இல் வகுத்த முறையில் நகரக் குப்பையும் மனிதக் கழிவும் அகழிகளில் மாறிமாறி அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்பட்டன. கிளற வேண்டியதில்லை, 6 முதல் 8 மாதங்கள் காத்திருந்தால் போதும். உழைப்பை மிச்சப்படுத்தும் முறை என்பது இதன் சிறப்பாகக் கூறப்படும். மிச்சமானது கிளறும் உழைப்பு மட்டுமே. கழிப்பிடத்திலிருந்து அகழிவரை மனிதக் கழிவைச் சுமந்த வேலை, அதற்கெனச் சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் தலைமீதே இருந்தது. உரமாக்கலைத் தூய்மை வரலாறாகவோ மண்வள வரலாறாகவோ மட்டும் எழுதுவோர் கடந்துசெல்லும் இடம் இது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் நடுவண் சட்டம் 1993இல்தான் வந்தது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உரமாக்கலின் தொடக்கத்தை மீண்டும் வீட்டுக்குள் கொணர்ந்தன. மட்கும் குப்பை, உலர் குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் கழிவு என மூன்றாகப் பிரிப்பது கழிவை உருவாக்குவோரின் கடமையாயிற்று. கொல்லையோ தொழுவமோ இல்லாத அடுக்ககத்தில் எருக்குழியின் இடத்தைத் துளையிட்ட பீப்பாயும் தென்னைநார்க் கழிவும் பெறுகின்றன. அவ்விதிகள் ‘உருவாக்குவோர்’ எனக் குடும்பத்தை ஒற்றை அலகாகவே கொண்டன. அக்குடும்பத்துள் காய்கறித் தோலைப் பிரித்து வைப்பவர் வீட்டுப் பெண்ணா, ஊதியத்துக்கு வரும் பணிப்பெண்ணா என்பது அச்சொல்லில் புலப்படுவதில்லை.