354 தீப்பெட்டிகள்

பத்து தீப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக அடுக்கினால் நிற்கும். ஒன்றை இடப்பக்கம் நீட்டி, அடுத்ததை வலப்பக்கம் நீட்டி அடுக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி நீட்டினால் சரிந்துவிடும், இல்லையா?

சரி, ஒவ்வொரு பெட்டியும் 70 டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் அறையாக இருந்தால்? உள்ளே ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால்?

கனடாவின் மான்ட்ரியல் நகரில் அப்படியொரு குடியிருப்பு ஜம்மென்று நிற்கிறது. பெயர், ஹேபிடட் 67. மொத்தம் 12 மாடி, 354 பெட்டிகள்.

யோசனை மோஷே சாஃப்டியுடையது. (2010-ல் திறந்த சிங்கப்பூர் மரீனா பே சாண்ட்ஸும் இவர் கைவண்ணம்தான்.) 1961-ல் மெக்கில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே அவருக்கு ஒரு கேள்வி. அடுக்குமாடியில் வசிப்பவனுக்குத் தோட்டம் கிடையாதா? ஏன் கிடையாது, கீழ்வீட்டு மொட்டைமாடிதான் மேல்வீட்டுத் தோட்டம்! பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்ததன் ரகசியம் இதுதான். அறைகளைத் தொழிற்சாலையில் வார்த்துக் கிரேனில் தூக்கி வைத்தால் விலையும் குறையும், நடுத்தரக் குடும்பமும் குடியேறலாம் என்று கனவு கண்டார். 1967 உலகக் கண்காட்சி அதற்கு வழிவிட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆனால், கட்டடம் நிற்க வேண்டுமே! வழக்கமான அபார்ட்மென்ட்டில் தூண்கள் பாரத்தை நேராகத் தரைக்கு இறக்கிவிடும். இங்கே பெட்டிச் சுவர்களேதான் சுமந்தாக வேண்டும். பொறியாளர் ஆகஸ்ட் கோமன்டன்ட், விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகு வடங்களால் பெட்டிகளைப் பிணைத்தார். மாடிகளுக்கு நடுவே ஓடும் நடைபாதைகளும் உத்தரங்களாகத் தோள் கொடுத்தன. எந்தப் பெட்டியும் தனியாக நிற்கவில்லை. மொத்தமும் ஒரே உடம்பு.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வெளியே எல்லாப் பெட்டியும் ஒரே அளவு. ஆனால், அடியில் இருப்பது சுமக்கும் பாரம் வேறு, உச்சியில் இருப்பது சுமக்கும் பாரம் வேறு. ஆகவே, உள்ளே போட்ட கம்பிக் கணக்கும் வேறு வேறு. ஒரே அச்சில் வார்த்தும் வேலை குறையவில்லை.

போதாக்குறைக்கு, ஆயிரத்துக்கும் மேல் என்று திட்டமிட்ட வீடுகளை 158 ஆகக் குறைத்துவிட்டார்கள். காமர்ஸ் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். தொழிற்சாலை, அச்சு, கிரேன் எல்லாவற்றுக்கும் செலவு செய்தாகிவிட்டது, பங்கு போட்டுக்கொள்ளத்தான் வீடுகள் இல்லை. வீட்டுக்குச் சராசரியாக ஒரு லட்சத்து 40 ஆயிரம் டாலர் ஆனது. அன்றைக்கு அது பணக்காரர்களின் விலை!

1985-ல் வாடகைக்கு இருந்தவர்களே கூடிக் கட்டடத்தை வாங்கிக்கொண்டார்கள். 2009-ல் கியூபெக் அரசு பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது அது மான்ட்ரியலின் அந்தஸ்தான முகவரிகளில் ஒன்று. யாருக்காக யோசித்தாரோ, அவர்களுக்கு அங்கே இடமில்லை.

அடுத்தமுறை ‘புதிய தொழில்நுட்பத்தில் மலிவு விலை வீடு’ என்று விளம்பரம் பார்த்தால், மாதிரி வீட்டின் அழகில் மயங்கிவிடாதீர்கள். மொத்தம் எத்தனை வீடு கட்டப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.