கந்தையும் மெத்தையும்

பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்கு வடமொழியில் 'கந்தா' என்று பெயர். வங்காளத்தார் அதனைக் 'காந்தா' என்பர். பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓடு தையலால் பூவும் மீனும் அமைத்துத் திருமணப் பரிசாகவும் வழங்குவர். மராட்டியத்தில் அத்தகைய போர்வை கோதடி, கன்னட நாட்டில் கௌதி, தெலுங்கில் பொந்த. தமிழிலோ 'கந்தை' கிழிந்த துணியையே குறிக்கலாயிற்று. வெப்ப நாட்டில் அடுக்குப் போர்வைக்குத் தேவை குறைவு என்பது காரணமாகலாம்.

போடிநாயக்கனூர், தேவாரம் பக்கத்து இலவம் பஞ்சு இழை வழுவழுப்பானது; தனித்து நூலாக முறுக்கேறுவதில்லை. ஆகவே அது தறிக்குப் போகாமல் மெத்தைக்குப் போயிற்று. பஞ்சடைத்துத் தைப்பதை நாம் கீழே விரித்தோம். வடக்கே ரஜாய் என்று மேலே போர்த்தினர். ஏலமலைக் குளிருக்கோ கம்பளிதான். அது ஆட்டு மயிரால் நெய்தது, அடுக்கித் தைத்ததன்று.