பீகிள் நாய்க்குட்டி வளர்ப்பு

பீகிள் நாய்க்குட்டி வளர்ப்பு என்பது பீகிள் இனக் குட்டிகளை ஏறத்தாழ எட்டு வார வயது முதல் ஓராண்டு வயது வரை உடல்நலத்துடனும் நல்ல பழக்கங்களுடனும் வளர்க்கும் முறைகளைக் குறிக்கும். பீகிள், இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக உருவாக்கப்பட்ட மோப்ப வேட்டைநாய் இனம் ஆகும். கூட்டமாக வாழும் இயல்பு, சலிக்காத மோப்ப நாட்டம், மிகுந்த உணவு வேட்கை ஆகிய மூன்றும் இவ்வினத்தின் அடையாளங்கள். இவை குட்டியின் வெளி விளையாட்டை மகிழ்ச்சியானதாக ஆக்குகின்றன. அதன் உடல்நலத்துக்கு வரும் இடர்கள் பலவற்றுக்கும் இவையே காரணமாகின்றன. தடுப்பூசிகள் முடிவதற்கு முன் குட்டியை வெளியே கொண்டு செல்லலாமா என்பது வளர்ப்போர் முதலில் எதிர்கொள்ளும் முக்கியமான கேள்வியாகும்.

இனத்தின் பின்னணி

இன்றைய பீகிள் இனத்தின் முன்னோடியாகக் கருதப்படும் வேட்டைக் கூட்டத்தை 1830களில் பிலிப் அனிவுட் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்தில் உருவாக்கினார். 1890-இல் அங்கு பீகிள் சங்கம் தொடங்கப்பட்டது. குதிரையில் செல்லாமல் கால்நடையாகவே வேட்டையாடியவர்கள், தாம் பின்தொடரக்கூடிய வேகத்தில் ஓடும் சிறிய நாயை விரும்பினர். எனவே விரைவைவிடத் தளராமல் மோப்பம் பிடிக்கும் திறனுக்காகவே இவை தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்களைக் கொண்டு முயல் வேட்டையாடுவது தடை செய்யப்பட்டுள்ளது.

வளர்ந்த பீகிள் 33 முதல் 40 செ.மீ. உயரமும், பெரும்பாலும் 9 முதல் 14 கி.கி. எடையும் கொண்டது. மூவண்ணப் பீகிள் குட்டிகள் பொதுவாகக் கறுப்பு வெள்ளையாகவே பிறக்கின்றன. பழுப்பு நிறம் பின்னர் தோன்றுகிறது. இவ்வினத்தின் வாழ்நாள் ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகள்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

குட்டியைத் தாயுடன் சேர்த்துப் பார்த்தபின் பெறுவதே நல்லது. தாயின் உடல்நிலை, இயல்பு, குட்டிகள் வளர்ந்த இடத்தின் தூய்மை ஆகியவற்றை இதனால் அறியலாம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை வளர்ப்பாளர் அல்லாத இடைத்தரகர்கள் விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. அங்கு 2016 முதல் நாய்களுக்கு அடையாள நுண்சில்லு பொருத்துவதும் கட்டாயமாகும். மோப்பத்தின் பின்னால் ஓடித் தொலைந்துபோகும் இயல்புடைய பீகிளுக்கு, சட்டம் இல்லாத நாடுகளிலும் இது பயனுடையது.

தடுப்பூசியும் சமூகப் பழக்கமும்

பிறந்த குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. இவை குட்டியை நோயிலிருந்து காப்பதோடு, தடுப்பூசி வேலை செய்வதையும் தடுக்கின்றன. இவ்வெதிர்ப்பொருள்கள் எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவேதான் ஒரே ஊசியுடன் நிறுத்தாமல், 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் அல்லது அதற்கு மேற்பட்ட வயது வரை தொடர்ந்து ஊசி போடப்படுகிறது. உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், ஏறத்தாழ 26 வார வயதில் மேலும் ஓர் ஊசியைப் பரிந்துரைக்கின்றன. டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் எல்லா நாய்களுக்கும் தேவையானவை. வெறிநோய் உள்ள நாடுகளில் அதற்கான தடுப்பூசியும், எலிக்காய்ச்சல் உள்ள இடங்களில் அதற்கான தடுப்பூசியும் இவற்றுடன் சேரும்.

இவற்றுள் குட்டிகளை மிகுதியாகக் கொல்வது பார்வோ தீநுண்மி ஆகும். 1978-இல் அடையாளம் காணப்பட்ட இது, சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. நோயுற்ற நாயின் மலத்தின் வழியாகப் பரவும் இத்தீநுண்மி, மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. வாந்தி, நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல், சோர்வு, உணவு மறுப்பு ஆகியன இதன் அறிகுறிகள். உடனடியாகச் சிகிச்சை பெறும் குட்டிகளுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன. சிகிச்சை பெறாதவற்றுள் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. நிலத்தை முகர்ந்தபடியே நடப்பதும், கண்டதை வாயில் வைப்பதும் பீகிள் குட்டியின் இயல்பு என்பதால், பிற நாய்கள் மலங்கழிக்கும் இடங்கள் அதற்கு மிகவும் ஆபத்தானவை.

எனினும், 16 வாரங்களும் குட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது தீர்வாகாது. நாய்க்குட்டியின் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ 12 அல்லது 14-ஆம் வாரம் வரையிலான காலம் சமூகப் பழக்கக் காலம் எனப்படுகிறது. இக்கால எல்லையை அறிய உதவிய ஆய்வுகளில் பீகிள் குட்டிகளும் இடம்பெற்றன. 1961-இல் வெளியான ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகியோரின் ஆய்வில், பீகிள், காக்கர் சுபானியல் குட்டிகள் வேலியிட்ட வெளியில், மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் சில குட்டிகள் மட்டும் ஒரு வாரம் மனிதருடன் பழக்கப்படுத்தப்பட்டன. 14 வாரம் வரை மனிதரையே பழகாத குட்டிகள் பின்னர் மனிதரை அஞ்சி விலகின. அவற்றைப் பழக்குவது மிகக் கடினமாக இருந்தது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட நாய்களின் மரபியலும் சமூக நடத்தையும் பற்றிய நூலிலும் பீகிள் ஆராயப்பட்ட ஐந்து இனங்களுள் ஒன்றாகும்.

இவ்வாறு தொற்றுக்கு அஞ்ச வேண்டிய வாரங்களும் உலகைப் பழக வேண்டிய வாரங்களும் ஒன்றாகவே அமைகின்றன. அமெரிக்கக் கால்நடை விலங்கு நடத்தைச் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, குட்டிகள் 7 அல்லது 8 வார வயதிலேயே பயிற்சி வகுப்புகளில் சேரலாம்; அதற்கு ஏழு நாள்களுக்கு முன்னதாகவேனும் முதல் தவணை ஊசியும் முதல் குடற்புழு நீக்கமும் முடிந்திருக்க வேண்டும். நடைமுறையில் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:

• குட்டியைத் தரையில் விடாமல், கையிலோ பையிலோ தூக்கிச் சென்று தெரு, வண்டிகள், மக்கள் ஆகியவற்றைக் காட்டுதல்.
• தடுப்பூசி போடப்பட்ட, அமைதியான வளர்ந்த நாய்கள் உள்ள வீடுகளுக்கு அழைத்துச் செல்லுதல்.
• பிற நாய்கள் வராத சொந்தத் தோட்டத்தில் விளையாட விடுதல்.
• பொதுப் பூங்கா, நாய்கள் கூடும் திடல், தெருநாய்கள் நடமாடும் இடம் ஆகியவற்றைத் தடுப்பூசித் தொடர் முடியும் வரை தவிர்த்தல்.

உணவும் உடல் எடையும்

உடற்பருமன் பீகிள்களில் மிகவும் பரவலாகக் காணப்படும், ஆனால் தடுக்கக்கூடிய சிக்கலாகும். வயிறு நிறைந்த பின்னும் உண்ண விரும்பும் இவ்வினத்துக்கு, எந்நேரமும் தட்டில் உணவை விட்டுவைப்பது பொருந்தாது. இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை, மூன்று மாதத்துக்குப் பின் மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை என அளந்து கொடுப்பது வழக்கம். பயிற்சியின்போது தரும் தின்பண்டங்களும் அன்றைய உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், கையால் தடவினால் எளிதில் உணரக்கூடியதாகவும் இருப்பதே சரியான உடல்நிலை.

லாப்ரடார் நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வொன்றில், 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்கள் தம் உடன்பிறப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றில் மூட்டுத் தேய்வும் தாமதமாகவே தோன்றியது. முதுகெலும்பு இடைத்தட்டு நோய்க்கு ஆளாகும் பீகிளுக்கு, மிகை எடை மேலும் ஒரு சுமையாகும்.

சாக்கொலேட்டு, திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி ஆகியன நாய்களுக்கு நஞ்சாகும். பீகிள் குப்பைக் கூடையையும் பையையும் திறந்து உணவைத் தேடக்கூடியது. ஆகவே இவற்றை எட்டாத இடத்தில் வைப்பதுடன் மூடியும் வைத்தல் வேண்டும்.

காணப்படும் நோய்கள்

காதுத் தொற்று: தொங்கும் அகன்ற காதுகளுக்குள் காற்றோட்டம் குறைவு. வாரம் ஒருமுறை காதைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். தலையை அடிக்கடி உதறுதல், நாற்றம், சிவப்பு ஆகியன தொற்றின் அறிகுறிகள். பஞ்சுக் குச்சியைக் காதுக்குள் செலுத்துதல் கூடாது.

செர்ரிக் கண்: மூன்றாம் இமையின் சுரப்பி பிதுங்கிக் கண்ணோரத்தில் சிவந்த உருண்டையாகத் தெரிவது. இளம் நாய்களிலேயே பெரும்பாலும் தோன்றும். இச்சுரப்பி கண்ணீரின் ஒரு பகுதியைச் சுரப்பதால், அதை வெட்டி நீக்காமல் மீண்டும் உள்ளே பொருத்தும் அறுவையே விரும்பப்படுகிறது.

மூளையுறை அழற்சி: இயக்க ஊக்கி மருந்துக்குக் கட்டுப்படும் ஒருவகை மூளையுறை அழற்சி பீகிள்களில் கூடுதலாகக் காணப்படுவதால், இது முன்னர் 'பீகிள் வலி நோய்' எனவும் அழைக்கப்பட்டது. பெரும்பாலும் 6 முதல் 18 மாத வயதில் தோன்றும். காய்ச்சல், கழுத்தை அசைக்க மறுத்தல், குனிந்து உண்ண இயலாமை ஆகியன அறிகுறிகள். விளையாட்டில் ஏற்பட்ட சுளுக்கு எனக் கருதிக் காலம் கடத்தினால் நிலை மோசமாகலாம். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் குணமாகும்.

வலிப்பு நோய்: பிற காரணம் கண்டறியப்படாத வலிப்பு, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஆறு வயதுக்குள் தொடங்குகிறது. வலிப்பின்போது நாயின் வாயில் கையை வைக்காமல், அருகிலுள்ள பொருள்களை அகற்றி, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களைக் கடக்கும் வலிப்பு உயிருக்கு ஆபத்தானது.

மரபுவழி நோய்கள்: தோலும் மூட்டுகளும் இறுகி, குட்டியைக் கால்நுனியில் நடக்கச் செய்யும் முசுலாடின்-லூக் நோய், நடக்கத் தொடங்கும்போதே தள்ளாட வைக்கும் சிறுமூளைச் சிதைவு, உயிர்ச்சத்து பி12 உறிஞ்சப்படாத இமர்சுலுண்ட்-கிராசுபெக் நோய், இரத்த உறைதலைப் பாதிக்கும் ஏழாம் காரணிக் குறைபாடு, திறந்த கோணக் கண் அழுத்த நோய் ஆகியவற்றுக்குக் காரணமான மரபணு மாற்றங்கள் பீகிள்களில் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றுக்கு மரபணுச் சோதனைகள் உள்ளன. பின்னடைவு மரபுவழியில் வரும் நோயில், பெற்றோர் இரண்டும் நலமாகத் தோன்றினாலும் இரண்டும் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். ஆகவே பெற்றோரின் சோதனை முடிவுகளைக் கேட்டறிதல் பயனுள்ளது. இமர்சுலுண்ட்-கிராசுபெக் நோய் பி12 ஊசியால் நன்கு கட்டுப்படும். வளராமல் மெலியும் குட்டியை, உணவு போதவில்லை என்று மட்டும் கருதலாகாது.

வெளி விளையாட்டும் உடற்பயிற்சியும்

பீகிள் குட்டிக்கு ஓட்டத்தைவிட முகர்தலே பெரிய விளையாட்டு. ஸ்காட், ஃபுல்லர் ஆகியோரின் சோதனையொன்றில், ஒரு ஏக்கர் வெளியில் விடப்பட்ட எலியைப் பீகிள்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டறிந்தன. ஃபாக்சு டெரியர்களுக்குப் பதினைந்து நிமிடங்கள் தேவைப்பட்டன. இத்திறனைப் பயன்படுத்தும் விளையாட்டுகள் குட்டியைக் களைக்கச் செய்தாலும் மூட்டுகளைத் துன்புறுத்துவதில்லை:

• உலர் உணவைப் புல்வெளியில் தூவித் தேடச் செய்தல்.
• தின்பண்டத்தை இழுத்து மணத் தடம் உண்டாக்கி, அதன் முடிவில் பரிசு வைத்தல்.
• வீட்டிலுள்ளோர் மரத்தின் பின் மறைந்து, குட்டி மோப்பத்தால் கண்டுபிடிக்கச் செய்தல்.

எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தகடுகள் ஏறத்தாழ ஓராண்டு வயதுக்குள் மூடுகின்றன. அதுவரை நெடுந்தொலைவு ஓட்டம், உயரத்திலிருந்து குதித்தல் ஆகியன தவிர்க்கப்படுகின்றன. பெரிய இன நாய்களைக் கொண்டு நார்வேயில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் வரை நாள்தோறும் படிக்கட்டு ஏறிய குட்டிகளில் இடுப்பு மூட்டுப் பிறழ்வு கூடுதலாகவும், மென்மையான நிலத்தில் கட்டின்றி விளையாடியவற்றில் குறைவாகவும் இருந்தது. ஆகவே குட்டிக்கு வேண்டியது ஓய்வு மட்டுமன்று; அது தானே நிறுத்தி இளைப்பாறக்கூடிய விளையாட்டாகும். வளர்ந்த பீகிளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேர நடை தேவைப்படும்.

மோப்பம் பிடித்த பீகிளின் செவிக்கு அழைப்பு எட்டுவதில்லை என்பது வளர்ப்போர் அனைவரும் அறிந்தது. எனவே வேலியில்லாத இடத்தில் மார்புப் பட்டையில் இணைத்த 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு பயன்படுத்தப்படுகிறது. அழைத்தவுடன் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் குட்டிக்குப் பரிசளித்தல் வேண்டும். தாமதமாக வந்த குட்டியைக் கடிந்தால், வருவதே தண்டனைக்குரியது என அது கற்றுக்கொள்கிறது. இங்கிலாந்தின் பொது அணுக்க நிலங்களில், மார்ச் 1 முதல் சூலை 31 வரையும், கால்நடைகளின் அருகே எப்போதும், இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்திருத்தல் வேண்டும்.

வெளியில் நேரும் இடர்கள்

உண்ணிகள் காய்ச்சல் நோய்களைப் பரப்புகின்றன. நடை முடிந்ததும் காதின் உட்புறம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்த்தல் வேண்டும். நத்தைகளை உண்பதால் நுரையீரல் புழு தொற்றுகிறது. பிரித்தானியாவில் இது பரவலாக உள்ளது. கோடையில் காய்ந்த புல்லின் கூரிய விதைகள் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் புகுந்து சீழ் பிடிக்கச் செய்கின்றன.

இந்தியப் பெருநகரங்கள் உட்பட, வெப்பமான இடங்களிலும் பீகிள் வளர்க்கப்படுகிறது. அங்கு காலை, மாலை வேளைகளே நடைக்கு ஏற்றவை. புறங்கையை வைத்திருக்க இயலாத அளவு சுடும் சாலை, குட்டியின் பாதத்தையும் சுடும். கடும் மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், தள்ளாட்டம் ஆகியன வெப்பத் தாக்கின் அறிகுறிகள். அந்நிலையில் நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி முதலில் குளிர்வித்து, பின்னரே மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

தனிமையும் ஊளையும்

கூட்டமாக வேட்டையாடிய மரபினால் பீகிள் தனிமையைத் தாங்குவது கடினம். நீண்ட நேரம் தனியே விடப்படும் குட்டி ஊளையிடுவதும், பொருள்களைக் கடித்துக் குதறுவதும் உண்டு. சில நிமிடங்களில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தனிமைக்குப் பழக்குவதே இதற்கான முறை. வெளியே முகர்ந்து விளையாடிக் களைத்த குட்டி, வீட்டில் தனித்திருக்கும் நேரத்தைப் பெரும்பாலும் உறக்கத்திலேயே கழிக்கிறது.