குறைப் பின்னங்களும் கணக்கு முறைகளும்

சுழியத்தைவிடச் சிறிய பின்னம் குறைப் பின்னம். எண்கோட்டில் சுழியத்துக்கு இடப்பக்கம் இதன் இடம். குறைக்குறி தொகுதியில் நின்றாலும் பகுதியில் நின்றாலும் மதிப்பு ஒன்றே. இரண்டிலும் நின்றால் அது மிகைப் பின்னம். குறியைத் தொகுதியோடு சேர்த்து எழுதிக்கொள்வது கணக்குக்கு வசதி.

கூட்டும்போது பகுதிகளை மீ.பொ.ம.வுக்குக் கொண்டுவந்து, தொகுதிகளை அவற்றின் குறியோடு கூட்ட வேண்டும். −3/4 + 1/6 என்பது −9/12 + 2/12, அதாவது −7/12. கழித்தலில் கழிக்கப்படும் எண்ணின் குறியை மாற்றிக் கூட்டினால் போதும்: 1/6 − (−3/4) = 11/12.

இயற்கையிலேயே இந்தக் கூட்டல் நடக்கிறது. முர்ரே கெல்-மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் 1964இல் தனித்தனியே முன்வைத்த குவார்க் கோட்பாட்டின்படி, புரோட்டானின் மின்னூட்டத்தை 1 என்று கொண்டால், மேல் குவார்க்குக்கு 2/3, கீழ் குவார்க்குக்கு −1/3. இரண்டு மேல் குவார்க்குகளும் ஒரு கீழ் குவார்க்கும் சேர்ந்தது புரோட்டான்: 2/3 + 2/3 − 1/3 = 1. நியூட்ரானில் ஒரு மேல் குவார்க், இரண்டு கீழ் குவார்க்குகள்: 2/3 − 1/3 − 1/3 = 0. மின்னூட்டம் இல்லாத துகளுக்குள் இத்தனை கணக்கு!

கலப்புப் பின்னம் வந்தால்தான் பலர் தடுமாறுகிறார்கள். −2⅓ என்பதில் குறைக்குறி 2க்கு மட்டும் உரியதன்று, முழுத் தொகைக்கும் உரியது. எனவே அது −(2 + 1/3) = −7/3. குறியை 2க்கு மட்டும் கொடுத்து −2 + 1/3 என்று படித்தால் −5/3 வரும், விடை பிழை. ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 3/4 பெரிது, 1/2 சிறிது. ஆனால் −3/4ஐவிட −1/2 பெரிது.

பெருக்கலுக்குப் பொதுப் பகுதி தேவையில்லை. தொகுதியைத் தொகுதியாலும் பகுதியைப் பகுதியாலும் பெருக்கலாம். குறிகள் வேறானால் விடை குறை, ஒன்றானால் மிகை. பிரம்மகுப்தர் 628இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகையைச் செல்வமாகவும் குறையைக் கடனாகவும் கொண்டு இந்த விதி சொல்லப்பட்டிருக்கிறது. காரணத்தையும் எளிதாகக் காட்டலாம். 3/4 + (−3/4) = 0; இதை −1/2ஆல் பெருக்கினாலும் 0தான் வரவேண்டும். முதல் உறுப்பு −3/8 தருகிறது. ஆகவே (−1/2) × (−3/4) என்பது +3/8 ஆனால்தான் கணக்கு நேராகும். மனப்பாடத்தைவிட இந்த விளக்கத்துக்கே வகுப்பில் முதலிடம் தர வேண்டும்.

வகுத்தலில் வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். குறி அப்படியே நிற்கும். −5/6 ÷ 10/9 = −5/6 × 9/10 = −3/4.

கிட்டப்பார்வைக் கண்ணாடியின் திறன் டயாப்டரில் குறை எண்ணாகவே எழுதப்படுகிறது. பெரும்பாலும் கால் டயாப்டர் படிகளில் ஏறி இறங்கும். மருந்துச் சீட்டில் −0.75 என்று இருப்பது −3/4தான். கண் பரிசோதனையில் அதன்மேல் −1/4 வில்லை ஒன்றைச் சேர்த்தால் மொத்தத் திறன் −1. குவியத் தூரத்தை மீட்டரில் அறிய 1ஐத் திறனால் வகுக்க வேண்டும்: −3/4 டயாப்டருக்கு −4/3 மீட்டர், −1 டயாப்டருக்கு −1 மீட்டர்.