சிரிப்பில் காணாமல் போகும் ஆட்கள்

திருமங்கலம் வட்டாரத்தில் கோயில் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் போட்டால், பபூன் எல்லாருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து வார்த்தையை மட்டும் மாற்றுவார். மெட்டு தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும். மூலத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற கூட்டத்தை நம்பியே பகடி பிழைக்கிறது. சிரித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அந்தச் சிரிப்பில் யார் என்னவாக மாறுகிறார்கள்?

ஐசக் வாட்ஸ் 1715இல் குழந்தைகளுக்கு எழுதிய தேனீப் பாட்டு உழைப்பைப் போதித்தது. 1865இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் அது மீன் விழுங்கும் முதலைப் பாட்டாகிறது. நீதியை ஒப்பித்தே சலித்த பிள்ளைக்கு அது மூச்சுவிட ஓர் இடம். இந்த அளவில் நான்சென்ஸ் விடுதலைதான்.

அதே விளையாட்டு காலனிக்கு வரும்போது என்ன ஆகிறது? எட்வர்ட் லியர் 1873 நவம்பரில் பம்பாயில் வந்திறங்கினார். 1874இல் அவருடைய 'கம்மர்பண்ட்' என்ற கவிதை டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளியானது. அதில் தோபி என்பது ஒரு பெண் உட்காரும் இருக்கை; கான்சாமா என்பது மரம்; கித்மத்கார் என்பது தொங்கும் கொடி. துணி வெளுத்தவரும் சோறு சமைத்தவரும் பரிமாறியவரும் வெறும் ஓசையாகிவிட்டார்கள். துரைகளுக்கு அது அர்த்தமற்ற வேடிக்கை. அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டவருக்கோ அது பிழைப்பு. இடுப்பில் கட்டும் துணி மட்டும் அந்தப் பெண்ணை விழுங்கும் மிருகமாகிறது. 1857க்குப் பிந்தைய வெள்ளைக்காரப் பயத்தையும் இதில் வாசிக்கலாம்.

இதற்கு நேரெதிர்த் திசையில் போனது கலைவாணரின் 'கிந்தனார்'. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதை காலட்சேபத்திலும் சினிமாவிலும் ஊரறிந்த ஒன்று. கலைவாணர் அந்தக் காலட்சேப வடிவத்தையே எடுத்துக்கொண்டார். 1949இல் அண்ணா கதைவசனம் எழுதிய 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. நந்தன் ஏங்கியது சிதம்பரத்துக்கு. கிந்தன் ஏங்குவது படிப்புக்கு. நந்தன் இறங்கியது தீயில். கிந்தன் ஏறுவது ரயிலில்.

பெரிய புராணத்தில் நந்தன் தீயில் மூழ்கிப் பூணூலணிந்த முனிவராக எழுந்து, சன்னிதியில் மறைந்துபோகிறார். பறையர் பறையராகவே உள்ளே போக வழியில்லை. கிந்தன் மறையவில்லை, உடம்போடு இருக்கிறான். லியரின் பாட்டில் ஆள் பொருளானான். கிந்தனாரில் ஜோதியான ஆள் திரும்ப ஆளாகிறான்.

ஆனாலும் இங்கேயும் ஒருத்தன்தான் ரயிலேறுகிறான். சேரி அங்கேயேதான் கிடக்கிறது. சீர்திருத்தப் பகடியின் எல்லை அது. அந்த எல்லைக்கு அப்பாலிருந்து எழுதப்படும் பகடியில், சிரிக்கப் போவது யார் என்பதும் மாறும்.