மலைக்காட்டில் மின்கம்பித் தடம்



மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓரிடத்தில் மட்டும் நன்றாக விலகி வழிவிட்டிருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். காற்றும் வணிகரும், பின்னர் இருப்புப் பாதையும் அவ்வழியே சென்றன. அதற்குத் தெற்கே ஆனைமலையும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மாவட்டத்து உயரங்களும் சுவர் போல நிற்கின்றன. அங்கே ஏறுவதற்குப் போடிமெட்டு, குமுளி போன்ற மலைப்பாதைகளே உண்டு. பிழைப்புக்காக நம் முன்னோர் ஏறிய பாதைகள் அவை. தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நேயர்களிற் சிலருடைய குடும்பக் கதை அப்பாதையிலேயே தொடங்கியிருக்கக்கூடும். சென்ற நூற்றாண்டில் மின்சாரமும் இவ்விரு வழிகளிலும் எல்லையைக் கடந்தது. மின் நிலையங்களைக் கட்டிய கதையைப் பலரும் சொல்லியிருக்கின்றனர். கட்டிய கம்பிகளுக்கடியில் காடு மீண்டும் மீண்டும் வளர, அதை மனிதர் மீண்டும் மீண்டும் வெட்டி வந்த கதையையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

மலையின் கீழ்ப்புறத்தில் முதலில் ஒளி தந்தது நீலகிரியின் பைக்காரா. அங்கே 1932-இல் மின் உற்பத்தி தொடங்கியது. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கிய நீர் சக்கரங்களைச் சுழற்ற, கோயமுத்தூர்ப் பஞ்சாலைகள் பெருகின. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் அதனுடன் சேர்ந்தன. அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மின்துறையைப் பொறுத்தவரை எல்லை என்று ஒன்று இருக்கவில்லை.

மலையின் மறுபுறம் திருவிதாங்கூர் சமஸ்தானம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கள் ஆலைகளுக்காகச் சிறு அளவில் நீர்மின்சாரம் எடுத்தனர். 1924-இல் வந்த பெருவெள்ளத்தை மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் '99-ஆம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்வர். அது மூணாற்றின் சிறு ரயில் பாதையையே அடித்துச் சென்றுவிட்டது. பிறகு, சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதற் பெரும் நீர்மின் நிலையம் அதுவே. அந்த மின்சாரம் காட்டையும் தோட்டத்தையும் ஊடுருவி ஆலுவாயை நோக்கி இறங்கியது. அங்கே 1943-இல் அலுமினியம் உருக்கும் ஆலை எழுந்தது. மின்சாரத்தை ஏராளமாக உண்ணும் தொழில் அது. பிற்காலத்தில் உயர் மின்னழுத்தக் கம்பிகளே எஃகு நடுவும் அலுமினிய மேலுமாக முறுக்கப்பட்டன என்பதை இங்கே நினைத்துக்கொள்வது சுவையாக இருக்கிறது.

கோபுரம் நிறுத்துவது ஒரு முறை செய்யும் வேலை. காட்டைத் தள்ளி நிறுத்துவதோ முடிவில்லாத வேலை. மூங்கில் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே பல அடி உயர்ந்துவிடும். வெட்டிய தேக்கும் யூகலிப்டஸும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பாலக்காட்டுச் சமவெளியில் கரும்பனையும் தென்னையும், இடுக்கி மலையடிவாரத்தில் ரப்பரும், ஏலமலையில் நிழல் மரங்களும் கம்பியை நோக்கியே வளர்வன போலத் தோன்றும்.

மரம் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. மின்னழுத்தம் மிகுந்தால் இடையிலுள்ள காற்றையே பிளந்துகொண்டு மின்சாரம் மரத்தின் வழியே மண்ணுக்குப் பாய்ந்துவிடும். அதனாற்றான் 66 கிலோவோல்ட் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே 3.4 மீட்டரும், 220 கிலோவோல்டுக்கு 4.6 மீட்டரும், 400 கிலோவோல்டுக்கு 5.5 மீட்டரும் இடைவெளி வேண்டுமென விதித்திருக்கின்றனர். இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பி ஓரிடத்தில் நிலையாக நிற்பதன்று. வெயிலாலும், தன்னுள் ஓடும் மின்னோட்டத்தாலும் சூடேறி நீண்டு தொய்யும். பாலக்காட்டில் கோடைவெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. ஊரெங்கும் மின்விசிறி சுழலும் அந்த நேரத்தில்தான் கம்பி மிகவும் தாழ்ந்து தொங்கும். குளிர்ந்த காலைப் பொழுதில் அளந்து 'இடைவெளி போதும்' என்று எழுதி வைத்தால், பிற்பகலில் அக்கணக்கு பொய்யாகிவிடும்.

இந்தச் சிறு விஷயம் பெரிய நாடுகளையே இருளில் தள்ளியிருக்கிறது. 2003 ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் கம்பிகள் தொய்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டன. ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்கள் அறுபட, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அடுத்த மாதம் 28-ஆம் நாள், ஸ்விட்ஜர்லாந்து மலையில் ஒரு மரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்ததில் தொடங்கிய தொல்லை இத்தாலி நாடு ஏறக்குறைய முழுவதையும் இருட்டாக்கியது. அவ்வளவு செல்வமுள்ள நாடுகளிலும் துறட்டி பிடிக்கும் ஒருவர் உரிய காலத்தில் செல்லாததன் விலை அது.

நம் மலைகளில் அந்தக் காலம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னுள்ள சித்திரை, வைகாசி மாதங்கள். கம்பியில் படக்கூடிய கிளைகளைக் கழிக்கும் இவ்வேலைக்குக் கேரளத்தில் 'டச்சிங் வெட்டுதல்' என்றே பெயர் வழங்கிவிட்டது. லைன்மேனுடன் ஒப்பந்தக் கூலியாட்கள் செல்வார்கள். துறட்டியும் அரிவாளும், இக்காலத்தில் இயந்திர ரம்பமும் அவர்தம் கருவிகள். மின்னோட்டத்தை நிறுத்தி, கம்பியை மண்ணோடு இணைத்த பின்னரே உயரே கைவைக்கலாம் என்பது விதி. செங்குத்தான சரிவு, அட்டை, பாம்பு, வழியில் யானை. இவற்றிடையே ஓர் ஆள் நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் வெட்ட இயலும் என்பதை அலுவலக மேசையிலிருந்து கணக்கிடுவது எளிதன்று. மரத்தை வேரோடு பிடுங்கினால் மறுமுறை வரவேண்டாமே எனத் தோன்றும். ஆனால் சரிவில் வேர் போனால் மண்ணும் போகும். மண் போனால் கோபுரத்தின் காலுக்கே ஆபத்து. 2018 ஆகஸ்டில் இடுக்கியில் மலைச்சரிவுகள் இறங்கியதைக் கண்டவர் இதை மறுக்கமாட்டார்.

இனி, யாருடைய மரம் என்ற கேள்வி. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்திக் கம்பிக்காக இயற்றப்பட்டது. 1910-இன் மின்சாரச் சட்டம் அதே அதிகாரத்தை மின்கம்பி கட்டுவோருக்கும் வழங்க வழிசெய்தது. அதன்படி நிலம் உழவருடையதாகவே இருக்கும்; கம்பி கட்டுவோருக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு. பட்டா தம் கையில் இருக்க, அந்த நிலத்தில் தென்னை வைக்கும் உரிமை மட்டும் போய்விடும்! கம்பிக்கு முன்பே நின்ற மரத்தை வெட்டினால் நஷ்டஈடு உண்டு. பின்னர் நட்ட மரத்துக்கு அந்த உரிமை இல்லை. இவ்வேறுபாட்டை 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் வைத்துக்கொண்டது. மேலும், புதர், வேலி, காட்டுச்செடி ஆகிய யாவும் அச்சட்டத்தின் கண்ணுக்கு 'மரம்' தான். ஆனால் எந்த மரம் எப்போது நட்டது என்பதை யார் மெய்ப்பிப்பது? சிறு நிலக்காரர் அதிகாரியின் சொல்லுக்கு எதிராக நிற்கவேண்டியவராகிறார். இது நியாயமான ஏற்பாடென்று நமக்குத் தோன்றவில்லை. 2015-இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல்தான் கோபுரம் நிற்கும் நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு 15 விழுக்காடு வரையிலும் தரலாம் என்றது. 2024-இல் இவை 200, 30 விழுக்காடுகளாக உயர்த்தப்பட்டன. தரும் பொறுப்பு மாநிலங்களைச் சார்ந்திருப்பதால், எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே கம்பிக்கு ஒரே தொகை கிடைக்குமென்று சொல்வதற்கில்லை.

காட்டின் வழக்கு வேறு. 220 கிலோவோல்ட் தடத்துக்கு 35 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை ஏக்கருக்குச் சற்று மேல் என்றாகிறது. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மத்திய அரசின் இசைவின்றி அவ்வாறு வெட்டமுடியாது. கம்பிக்குக் கீழே மூன்று மீட்டர் அகலக் கீற்றை மட்டும் கம்பி இழுக்கத் திருத்தி, மற்ற இடத்தில் தாழ்ந்த செடிகள் மீண்டும் வளர விடவேண்டும் என்பது வனத்துறையின் வழிகாட்டுதல். திறந்த தடத்தில் புல் தழைக்கும். அதைத் தேடி யானையும் காட்டெருமையும் வரும். ஆகவே கம்பி தாழ்ந்து தொங்குவது காட்டுக்குள் விலங்குக்கும் எமனாகும். பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டமே 1983-இல் கைவிடப்பட்டதை நேயர்கள் அறிவர். அங்கே கம்பித்தடத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது மலபார் கேரளத்துடன் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மிகுதியாக வாழ்ந்தும் கேரளத்திலேயே நின்றன. 1957-இல் இரு மாநிலங்களிலும் தனித்தனி மின்சார வாரியங்கள் அமைந்தன. ஆயினும் கம்பிகள் பிரியவில்லை; கூடின. 1976-இல் இடுக்கி மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மூலமற்றத்தில் மலைக்குள் குடைந்த அந்நிலையத்தின் திறன் 780 மெகாவாட். இடுக்கியையும் உடுமலைப்பேட்டையையும் 220 கிலோவோல்ட் தடம் இணைத்தது. உடுமலையிலிருந்து திருச்சூர் மாடக்கத்தறைக்கு 400 கிலோவோல்ட் தடம் சென்றது. ஒருகாலத்தில் மழையை நம்பியிருந்த கேரளம் இன்று தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. அதனால் எல்லையில் விழும் ஒரு கிளைக்கு முன்னைவிட விலை அதிகம்.

அண்மையில் வந்தது புகளூர்–திருச்சூர் நேர்மின்னோட்டத் தடம். இது 2021-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2,000 மெகாவாட் சுமக்க வல்லது. சுமார் 165 கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பகுதி கோபுரங்களின் மேலே கணவாயைக் கடந்து பாலக்காட்டு வயல்களூடே செல்கிறது. திருச்சூர்ப் பக்கம் வீடுகளும் தோப்புகளும் நெருங்கிக் கிடப்பதால், வடக்காஞ்சேரியிலிருந்து மாடக்கத்தறை வரை சுமார் 27 கிலோமீட்டரை மண்ணுக்கடியில் கேபிளாகவே கொண்டுசென்றனர். செலவு மிகுதி; பழுது நேர்ந்தால் சாலையைத் தோண்டவேண்டும். ஆனால் அந்த 27 கிலோமீட்டரில் சித்திரை மாதத்தில் துறட்டியுடன் எவரும் செல்லவேண்டியதில்லை. கணவாய்ப் பக்கத்தில் கரும்பனைகளுக்கிடையே ஆண்டுதோறும் செல்கின்றனர்.