வயரிங்குக்காக சுவரை வெட்டுகிறீர்களா? எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே கை வைக்கவே கூடாது?

புது வீடோ பழைய வீடோ, வயர் வெளியே தெரியாத 'கன்சீல்டு வயரிங்'தான் இன்று பலரின் விருப்பம். அதற்காக செங்கல் சுவரில் நீளமாக வெட்டும் பள்ளத்துக்குப் பெயர் காடி. எலக்ட்ரீஷியன்கள் 'க்ரூவ்' என்பார்கள். ஏசிக்கு ஒரு பாயின்ட், இன்வெர்ட்டருக்கு ஒரு பாயின்ட் என்று கேட்டாலே சுவரில் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அரை நாள் வேலைதானே என்று தோன்றும். ஆனால் வெட்டும் இடமோ ஆழமோ தப்பினால் சுவரின் பலமே குறையும்.

முதலில் தெரிய வேண்டியது: அது எந்தச் சுவர்?

பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் மாடியின் பாரத்தை அவைதான் தாங்குகின்றன. நடுவில் உள்ள செங்கல் சுவர் பெரும்பாலும் மறைப்புதான். பில்லரே இல்லாத பழைய வீடுகளில் கதை வேறு. அங்கே கூரை நேராக சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுவரை வெட்டுவது பாரம் தாங்கும் உறுப்பையே வெட்டுவது போல.

எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

பாரம் தாங்கும் சுவர்களுக்கு, செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1905 அளவு சொல்கிறது. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம். குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான்.

* 9 இஞ்ச் (230 மி.மீ.) சுவர்: நெடுக்காக சுமார் 76 மி.மீ., குறுக்காக சுமார் 38 மி.மீ.
* நாலரை இஞ்ச் (115 மி.மீ.) சுவர்: அதே கணக்கில் நெடுக்காக சுமார் 38 மி.மீ., குறுக்காக வெறும் 19 மி.மீ.

வழக்கமாகப் போடும் சின்ன பிவிசி பைப்பே 20 மி.மீ. அதாவது, நாலரை இஞ்ச் சுவரில் குறுக்காக வெட்டினால் இந்த அளவுக்குள் பைப்கூட முழுசா உள்ளே போகாது. அந்தச் சுவர் பாரம் தாங்குவதாக இருந்தால் வெட்டவே கூடாது.

குறுக்கு வெட்டு ஏன் ஆபத்து?

சுவரில் பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நெடுக்கு வெட்டு அதே திசையில் போவதால், பாரம் இரு பக்கமும் விலகி இறங்கிவிடும். குறுக்கு வெட்டு பாரத்தின் வழியை நீளத்துக்கும் மறிக்கிறது. வெட்டிய கோடு முழுவதும் சுவர் மெலிந்துபோகும், பாரமும் ஒரு பக்கமாகச் சாயும். அதனால்தான் குறுக்கு வெட்டைத் தவிர்க்கச் சொல்கிறது விதி. வேறு வழியே இல்லையென்றாலும் 1 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் வெட்டுவதும் தப்பு. ஹாலில் ஒரு சுவிட்ச் பாக்ஸ், அதற்கு நேர் பின்னால் பெட்ரூமில் இன்னொன்று என்று வைத்தால் நடுவில் மிஞ்சுவது சில மி.மீ. செங்கல்தான். ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும்.

பில்லரில் கை வைக்கவே கூடாது

பில்லரில் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே பொதுவாக 40 மி.மீ. கான்கிரீட்தான் இருக்கும். 'கொஞ்சூண்டுதான் சார்' என்று பைப்புக்காக வெட்டினால் அதில் பாதிக்கு மேல் போய்விடும். பிறகு ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட் வெடிக்கும். பீமுக்கும் இதே நிலைதான். பைப்பை செங்கல் இருக்கும் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோவதே சரி.

எப்படி வெட்ட வேண்டும்?

கட்டிய சுவர் நன்றாக இறுகிய பிறகு, பூச்சு வேலைக்கு முன்பு வெட்டுவதே சரியான நேரம். முதலில் சாக்பீஸால் இரண்டு கோடு. கோட்டின் மேல் கட்டிங் மெஷின். நடுவில் இருப்பதை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். வெறும் சுத்தியலும் உளியுமாக ஓங்கி அடித்தால் பக்கத்துச் செங்கலும் ஆட்டம் காணும்.

பைப் சுவர் மட்டத்துக்கு உள்ளே அடங்க வேண்டும். பிதுங்கி நின்றால் மேல் பூச்சு மெலிந்து, அதே கோட்டில் விரிசல் விடும். தூசியைத் துடைத்து, நனைத்து, சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே கோழி வலை கம்பி அடித்துப் பூசினால் விரிசல் வரும் வாய்ப்பு குறைவு.

தூசியும் கரன்ட்டும்

செங்கல், சிமென்ட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். வந்தால் குணமாகாது. கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் வேண்டும். வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

குடியிருக்கும் வீட்டில் வெட்டுவதாக இருந்தால், அந்தச் சுவரில் பழைய வயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அந்த லைனை மெயினிலேயே ஆஃப் செய்த பிறகே தொட வேண்டும். மெஷினுக்கு வேறு இடத்திலிருந்து கரன்ட் எடுக்கலாம்.

பூசுவதற்கு முன் ஒரு போட்டோ

பைப் எப்போதும் சுவிட்ச் பாக்ஸிலிருந்து நேராக மேலே அல்லது கீழே போக வேண்டும், சாய்வாக அல்ல. நாளைக்கு ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே போகிறது என்று ஊகிக்க அதுதான் வழி. அதைவிடச் சுலபம்: பூச்சுக்கு முன்பு, சுவரில் டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு அறையையும் மொபைலில் போட்டோ எடுத்து வைப்பது. பத்து வருஷம் கழித்து டிவி ஸ்டாண்ட் மாட்டும்போது, டிரில் எங்கே போடக் கூடாது என்று அந்தப் போட்டோ சொல்லிவிடும்.